பலகைக் கோடுகள்

பழைய சின்னப் பாய்மரப் படகுகளின் புகைப்படத்தைப் பார்த்து, அது எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது எனக்கு ஒரு கிறுக்கு. பாயில் ரகத்தின் எழுத்து தைத்திருந்தால் வேலை சுலபம். ஆனால் ஐம்பது வருடப் படகுக்குப் பாய் எத்தனை தடவை மாறியிருக்குமோ, யார் கண்டது? அதனால் பாயை நம்பக் கூடாது. உடம்பைத்தான் பார்க்கணும்.

நான் அதிகம் தடுமாறியது ஃபோக்போட் குடும்பத்தில். மூலப் படகு 7.64 மீட்டர் நீளம், 2.20 மீட்டர் அகலம். எடை சுமார் 2 டன். அதில் பாதி அடியில் தொங்கும் இரும்பு. சாய்ந்த பின்பலகை, அதன் மேல் வெளியே மாட்டிய சுக்கான். பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பி உச்சிவரை போகாது, கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பலகைகள். தூரத்திலிருந்தே அந்தக் கோடுகள் தெரியும்.

ஃபோக்போட் என்றால் மக்கள் படகு. உலகப்போருக்கு நடுவே, பணக்காரர் அல்லாதவரும் வாங்கக்கூடிய படகு வேண்டும் என்று ஸ்காண்டிநேவியப் பாய்மரப் படகுக் கூட்டமைப்பு ஒரு போட்டி வைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. முழுசாக எதுவும் தேறவில்லை. நல்ல அம்சங்களைச் சேர்த்து ஒரே படகாக வரையும் வேலை ஸ்வீடனின் டோர்ட் சூண்டேனிடம் போனது. 1942இல் முதல் படகு கோத்தன்பர்க்கில் தண்ணீரில் இறங்கியது. ஆனால் வடிவமைப்பாளர் என்று தனியாக அவர் பெயரைக் கூட்டமைப்பு ஏற்கவில்லை. பலருடைய யோசனை, ஒருவருடைய கை. இதில் நியாயம் யார் பக்கம்? நான் கையின் பக்கம். கோடுகளை ஒன்றுசேர்ப்பது சும்மா ஒட்டுவேலை இல்லை.

1960களில் சூண்டேனே அதே படகை ஃபைபருக்காக மறுபடி வரைந்தார். பாயில் ‘ஐஎஃப்’ என்றிருக்கும். உடம்பு வழவழவென்று இருக்கும், மூக்கு கொஞ்சம் நீட்டு. 3,000க்கு மேல் கட்டினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் லிமிங்டனில் பிறந்தது காண்டெஸா 26. அதுவும் வழவழப்புதான், சுக்கானும் வெளியேதான். இரண்டையும் நான் மாற்றி மாற்றிக் குறித்திருக்கிறேன். பிறகுதான் முன்கம்பியைப் பார்க்கக் கற்றேன்: காண்டெஸாவில் அது உச்சிவரை போகும். 1985இல், 18 வயதில், டானியா எபி நியூயார்க்கிலிருந்து தனியாக உலகம் சுற்றக் கிளம்பியது இந்த ரகப் படகில்தான்.

என்னை முழுசாக ஏமாற்றியது வேறொன்று. 1970களில் டென்மார்க்கில் மூல ஃபோக்போட்டையே ஃபைபரில் வார்த்தார்கள், பலகைக் கோடுகளோடு! பலகையே இல்லாத படகில் பலகைக் கோடு. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் மரப்படகும் ஃபைபர் படகும் ஒரே பந்தயத்தில் சமமாக ஓட வேண்டுமென்றால் தண்ணீரைத் தொடும் வடிவம் மாறக் கூடாதே. மரம் வைத்திருந்தவர்களை ஒரே இரவில் தோற்கடிக்காமல் இருக்கச் சொன்ன பொய் அது. நம் கரையில் ஃபைபர் போட்டுகள் வந்தபோது கட்டுமரத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

கடைசியாக ஜெஸ்டர். என் அடையாளங்கள் எல்லாவற்றையும் காலி செய்த படகு. பிளாண்டி ஹாஸ்லர் 1950களில் கட்டவைத்த ஃபோக்போட். ஆனால் பலகைகள் ஏறி நிற்காமல் விளிம்போடு விளிம்பு சேர்ந்தவை. கம்பியே இல்லாத ஒற்றை மரம், அதில் சீனப் பாய். 1960இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு, தனியாள் ஓட்டும் முதல் அட்லாண்டிக் பந்தயம். கலந்துகொண்டது ஐந்து பேர். 40 நாளில் வென்றவர் பிரான்சிஸ் சிசெஸ்டர். 48 நாளில் இரண்டாவது, ஜெஸ்டரில் ஹாஸ்லர். வால் ஹவெல்ஸ் ஓட்டிய ஐராவும் ஃபோக்போட்தான். ஐந்தில் இரண்டு, மக்கள் படகு!

1988இல் மைக் ரிச்சி ஓட்டியபோது ஜெஸ்டர் அட்லாண்டிக்கில் தொலைந்தது. அவர் பிழைத்தார். 1992இல் அதே அளவில் இன்னொரு ஜெஸ்டரைக் கட்டினார்கள்.

அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று ரொம்ப நாள் குழம்பினேன். இப்போது ‘ஃபோக்போட்’ என்று எழுதியிருக்கிறேன், பக்கத்தில் சூண்டேனின் பெயரோடு.