வேட்டியின் நீளமும் ஆண்மையின் அளவும்

ஆண்மை உடம்போடு பிறப்பது என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். யாரை ஆணாக மதிப்பது என்பதை இந்த நாட்டில் சாதிதான் முடிவு செய்தது என்று வரலாறு சொல்கிறது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். அவற்றை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. இந்தத் தடைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வளர்ந்த ஆணைச் சிறுவனைப்போல் அரைத்துணியில் நிறுத்துவதும், அவன் வீட்டுப் பெண்ணின் உடம்பைத் திறந்து வைப்பதும் ஒரே ஏற்பாடு. நரைத்த தலையைப் பண்ணை வீட்டுப் பொடியன் ‘டேய்’ என்று கூப்பிட்டதும் அதில் அடக்கம்.

அமெரிக்காவிலும் கறுப்பின ஆண் எந்த வயதிலும் வெள்ளையருக்குப் ‘பையன்’தான் என்ற நிலை இருந்தது. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இரு தொழிலாளர்கள் இறந்தனர். அதன்பின் சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ‘ஐ ஆம் எ மேன்’ என்ற அட்டையைத் தாங்கி நடந்தனர். ஆங்கிலத்தில் ஆணுக்கும் மனிதனுக்கும் அந்த ஒரு சொல்தான். தமிழில் நாம் அதை எப்படிச் சொல்வது? ‘நான் ஆண்’ என்றா, ‘நான் மனிதன்’ என்றா?

நம் மண்ணில் இருவர் இதற்கு விடை தந்தார்கள். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் துறவி. குடும்பத் தலைமையோ மீசையோ இல்லாமலே, பிள்ளைகளுக்குக் கல்வி தந்து தலைநிமிர வைத்தார். காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள், பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென வைத்த தனிப்பானையை உடைத்தவர். பறையடிக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் மறுக்கும் போராட்டங்களை நடத்தியவர். தீண்டாமை குறித்து 1969இல் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவர். இருவரும் கேட்டது மனிதனின் இடத்தை.

சாதி ஆண்மைக்கு என்ன விலை என்பதையும் இம்மாவட்டம் அறியும். 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி மீறி மணந்த கண்ணகியும் முருகேசனும் விஷம் புகட்டிக் கொல்லப்பட்டனர். கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை தந்தது 2021இல்தான். பெண்ணின் உடம்பில் குலமானத்தைப் பூட்டிவைத்து, அதற்குக் காவல் நிற்பதையே ஆண்மை என்று நம்பியவர்கள் செய்த கொலை அது.

அதே ஆண்மையை நாமும் எடுத்து உடுத்திக்கொள்வதா? முழ வேட்டி கட்டும் உரிமைக்கு அடிபட்டவர்களின் பேரன்கள் நாம். நம் வீட்டுப் பெண் தான் விரும்பியவனை மணக்கும்போது, அவள் சொல்லைக் கேட்கிறோமா, குலமானம் பேசுகிறோமா? அந்த இடத்தில்தான் நாம் விடுதலை பெற்றோமா என்பது தெரியும்.