களத்திலே தலைவர், கரையிலே ஆசான்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் வெற்றி பெற்ற ஆட்டக்காரரின் பெயரைப் பொன்னெழுத்திற் பொறிப்பர். அவரைப் பழக்கிய ஆசானின் பெயரைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். தோல்வி நேருங்காலத்திலோ முறை தலைகீழாகிவிடும். ஆடியவர் பலர் மறக்கப்படுவர். பயிற்றுவித்த ஒருவர் மட்டும் பழி சுமப்பர். ஒருவரே தம் வாழ்நாளில் இவ்விரு நிலைகளிலும் நின்றிருப்பாராயின், அவரது வரலாறு நாம் ஊன்றி நோக்குதற்கு உரியது. தமிழகம் இந்திய ஹொக்கி அணிக்கு அளித்த வாசுதேவன் பாஸ்கரன் அத்தகைய ஒருவர்.

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில், அஸர்த் தொழுகை முடிந்ததும் இளைஞர் மைதானங்களை நாடுவது வழக்கம். கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலே பந்துதைக்கப் பழகும் சிறுவனுக்குப் பாடஞ் சொல்பவர், முன்னொரு காலத்தில் அவ்வாறே ஆடி ஓய்ந்த ஒருவராகவே பெரும்பாலும் இருப்பார். ஆடியவர் ஆசானாவது உலகெங்கும் உள்ள மரபு. ஆயினும் நன்றாக ஆடியவர் எல்லாரும் நன்றாகப் பயிற்றுவிப்பாரா? பயிற்றுவிக்க வல்லவருக்கு, அவர் தொழில் கனிவதற்கு வேண்டிய காலம் அளிக்கப்படுகின்றதா? இவ்வினாக்கள் ஊர்க் கழகத்துக்கும் ஒலிம்பிக் அணிக்கும் பொதுவானவை. பாஸ்கரனின் வரலாறு இவற்றுக்கு விடை தேட உதவுகின்றது.

1950ஆம் ஆண்டிற் பிறந்த பாஸ்கரன், சென்னை இலயோலாக் கல்லூரியிற் கற்றவர். முன்னணிக்கும் பின்காவலுக்கும் இடைப்பட்ட வரிசையில் நின்று ஆடியவர். கோல் அடிப்பவரின் புகழ் அவ்வரிசையினருக்குக் கிட்டுவதில்லை. எனினும் ஆட்டத்தின் போக்கு முழுவதும் அவர் கண்முன்னே விரிந்து கிடக்கும். பிற்காலத்தில் அவர் தலைவராகவும் ஆசானாகவும் விளங்கியதற்கு, அவ்விடத்தில் நின்று பெற்ற பார்வை துணைசெய்திருத்தல் வேண்டும்.

அவர் ஆடிய காலம் இந்திய ஹொக்கிக்கு இறங்குமுகமான காலம். 1928 முதல் 1956 வரை நடைபெற்ற ஆறு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற நாடு அது. 1960இல் வெள்ளி, 1964இல் மீண்டும் தங்கம், 1968இலும் 1972இலும் வெண்கலம் எனப் பதக்கங்கள் தொடர்ந்தன. 1976இல் மொன்றியல் நகரில் அத்தொடர் அறுந்தது. அங்கேதான் ஒலிம்பிக் ஹொக்கி முதன்முதலாகப் புற்றரையை விட்டுச் செயற்கைத் தளத்துக்கு மாறியது. புல்லிலே பந்து தயங்கித் தயங்கிச் செல்லும். கோலின் நுனியால் அதனை அடக்கி எதிரியை ஏய்க்கும் இந்தியரின் நுட்பம் அங்கே செல்லுபடியாகும். செயற்கைத் தளத்திலோ பந்து வழுக்கி விரையும். ஓட்டமும் உடல்வலிமையும் மேலோங்கும். இந்தியா ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அந்த அணியிலே பாஸ்கரனும் ஒருவர்.

நான்கு ஆண்டுகளின் பின், 1980இல், மொஸ்கோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. ஹொக்கி அணியின் தலைவரும் அவரே. பல நாடுகள் அவ்விழாவைப் புறக்கணித்தமையால் ஆடவர் ஹொக்கியில் ஆறு அணிகளே மோதின என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் வெற்றி எளிதிற் கிட்டிவிடவில்லை. தன்சானியாவையும் கியூபாவையும் பெருந்தொகையான கோல்களால் வென்ற இந்தியா, போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2–2 எனச் சமநிலையே கண்டது. இறுதியாட்டத்தில் மீண்டும் ஸ்பெயின் எதிர்ப்பட்டது. இந்தியா மூன்று கோல்களால் முன்னேறியிருக்க, ஸ்பெயினின் யுவான் அமாத் தனியொருவராக மூன்று கோல்களை அடித்தார். முடிவில் 4–3 என இந்தியா தப்பிப் பிழைத்தது. ஒலிம்பிக் ஹொக்கியில் அந்நாடு பெற்ற எட்டாவது தங்கம் அது. அதன்பின் 41 ஆண்டுகள் எப்பதக்கமும் கிட்டவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைப் பயிற்றுவிப்பாளராக அழைத்துச் சென்றவர் பாஸ்கரன். அவ்வணி ஆர்ஜென்டினாவை வென்றது, அவுஸ்திரேலியாவுடன் அதன் சொந்த மண்ணிலே 2–2 எனச் சமன் செய்தது, தென்கொரியாவிடம் தோற்றது, ஸ்பெயினை 3–2 என வென்றது. எஞ்சியது போலந்துடனான ஆட்டம் ஒன்றே. அதில் வென்றால் அரையிறுதி. இந்தியா 1–0 என முன்னணியில் நின்றது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கூட இல்லாத வேளையில் போலந்து ஒரு கோலை அடித்துவிட்டது. ஆட்டம் 1–1; அரையிறுதிக் கதவு அடைபட்டது; கிடைத்தது ஏழாம் இடம்.

மொஸ்கோவில் அதே போலந்துடன் சமநிலை கண்டபோது, களத்தில் நின்ற தலைவருக்கு அடுத்த ஆட்டத்தில் தம் கையாலேயே குறையை ஈடுசெய்ய வழி இருந்தது. சிட்னியில் கரையிலே நின்ற ஆசானுக்கு அவ்வழி இல்லை. பந்து வரும் திசையை அவர் காண்பார். தடுக்க வேண்டிய இடத்தையும் அறிவார். ஆயினும் அவர் கையிலே கோல் இல்லை. தலைவரினும் பயிற்றுவிப்பாளர் எளியர் என்பதற்கு அந்த இரண்டு நிமிடங்களைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் இந்தியாவில் நிகழ்ந்ததையும் நோக்குவோம். 2002இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணப் போட்டி நடந்துகொண்டிருக்கையிலேயே பயிற்றுவிப்பாளர் செட்ரிக் டி சூசா நீக்கப்பட்டார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் நெருங்கிய வேளையில் ராஜிந்தர் சிங் அகற்றப்பட்டு, ஜெர்மனியரான கெர்ஹார்ட் ராக் அமர்த்தப்பட்டார். 2006இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கிண்ணத்துக்குப் பாஸ்கரனே மீண்டும் அழைக்கப்பட்டார். பன்னிரண்டு அணிகளுள் இந்தியாவுக்குக் கிடைத்தது பதினோராம் இடம். 2008இல் பீஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவதற்கே அந்நாடு தவறிவிட்டது. ஆசான்கள் மாறினர், நோய் மாறவில்லை.

இவ்விடத்தில் வடதுருவத்தை அடுத்த சுவீடன் நாட்டின் வரலாறு ஒன்றை ஒப்புநோக்குதல் பொருந்தும். அங்கே பெரிதும் விரும்பப்படுவது கைப்பந்தாட்டம். அணிக்கு எழுவராக, 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுங் கொண்ட உள்ளரங்கில், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் விரைவான ஆட்டம் அது. 1942இல் ஹால்ம்ஸ்டாட் நகரிற் பிறந்த பெங்ட் யொஹான்சன், தம் ஊரின் ட்ரொட் கழகத்துக்கும் தம் நாட்டுக்கும் ஆடியவர். 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில் அவர் ஆடிய சுவீடன் அணி பெற்றதும் ஏழாம் இடமே. 1988இல் அவர் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானார். 1990இலும் 1999இலும் உலக வாகை. 1994, 1998, 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பிய வாகை. எனினும் ஒலிம்பிக் தங்கம் மட்டும் அவருக்கு எட்டாக்கனியாயிற்று. 1992இல் பார்சிலோனாவிலும், 1996இல் அட்லாண்டாவிலும், பாஸ்கரன் மனம் நொந்து திரும்பிய அதே 2000ஆம் ஆண்டின் சிட்னியிலும், மூன்று முறை இறுதியாட்டத்தில் அவரது அணி தோற்றது. அட்லாண்டாவில் வேறுபாடு ஒரே ஒரு கோல்.

மூன்று முறை தோற்ற அவரைச் சுவீடன் துரத்திவிடவில்லை. 2004 வரை, பதினாறு ஆண்டுகள், அணி அவர் பொறுப்பிலேயே இருந்தது. இளைஞராக வந்தவர்கள் அவர் கண்முன்னே முதிர்ந்தனர்; ஒரு தோல்வியின் பாடம் அடுத்த போட்டிக்கு முதலாயிற்று. 2022இல் அவர் மறைந்தபோது, வெல்லாத மூன்று தங்கங்களைவிட வென்ற ஆறு வாகைகளே நினைவிற் கொள்ளப்பட்டன.

பாஸ்கரனுக்கும் பதினாறு ஆண்டுகள் அளித்திருப்பின் இந்தியா உலகை வென்றிருக்கும் என்று கூற எவராலும் இயலாது. செயற்கைத் தளங்களின் பற்றாக்குறை, மாறிய விதிகள், ஐரோப்பிய அணிகளின் எழுச்சி எனப் பல காரணங்கள் அங்கே கலந்திருந்தன. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. இன்று நட்டு நாளை வேரைப் பிடுங்கிப் பார்க்கும் தோட்டத்தில் எந்த மரமும் காய்ப்பதில்லை. இந்தியா மீண்டும் ஒலிம்பிக் பதக்கம் பெற்றது 2021இல் நடந்த டோக்கியோ விழாவில். ஜெர்மனியை 5–4 என வென்று பெற்ற வெண்கலம் அது. 2024இல் பாரிஸிலும் வெண்கலம் கிட்டியது. அவ்வளவு நீண்ட வறட்சிக்கு ஒரு பயிற்றுவிப்பாளரைப் பொறுப்பாக்குவது அறமன்று.

கரையோர ஊர்க் கழகங்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது இதுவே. ஒரு பருவத்துத் தோல்விக்காக மாலைதோறும் மைதானத்துக்கு வந்து சிறுவரைப் பழக்கும் மூத்த ஆட்டக்காரரை ஒதுக்கிவிடுவது எளிது; அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்புவது அரிது. ஆட்டக்காரரை ஓர் ஆட்டத்தால் அளக்கலாம். ஆசானை அளப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

பாஸ்கரனின் பெயருக்கு முன்னே மொஸ்கோவின் தங்கமும் பின்னே சிட்னியின் இரண்டு நிமிடங்களும் நிற்கின்றன. வெற்றியின் உச்சியைக் கண்டவர், தோல்வி காத்திருக்கக்கூடிய தொழில் என்றறிந்தும், ஒருமுறைக்கு இருமுறை அப்பொறுப்பை ஏற்றார். வென்ற தலைவருக்கு அளிக்கும் மதிப்பில் ஒரு பங்கையேனும் தோற்ற ஆசானுக்கும் அளித்தல் வரலாற்றின் கடமையாகும்.