கையை நிறுத்தும் மூளை

"மனசு வெச்சா முடியாதா?" மீமிசலில் குடியை விடப் போராடிய எங்க மாமாவை எல்லாரும் கேட்டது இதுதான். அந்த 'மனசு' மூளையில் எங்கே இருக்கு என்ற தேடல் பழையது.

1848இல் அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளி பினியாஸ் கேஜின் முன்மூளையை இரும்புக்கம்பி துளைத்தது. பிழைத்தார், ஆனால் நிதானம் போச்சு என்று எழுதினார் மருத்துவர் ஹார்லோ. (அதே கேஜ் பின்னாளில் சிலியில் பல வருஷம் குதிரைவண்டி ஓட்டியதைப் பலரும் சொல்வதில்லை!)

1990இல் செய்ஜி ஒகாவா குழு ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் காந்த ஸ்கேனில் காட்டியது. அதன்பின் சோதனை சுலபம்: திரையில் எழுத்து வந்தால் பொத்தானை அழுத்தணும், குறிப்பிட்ட ஓர் எழுத்துக்கு மட்டும் கூடாது. குடியை விட்டவர்களிடம் இந்த 'நிறுத்தும்' நேரத்தில் முன்மூளைச் செயல்பாடு சில ஆய்வுகளில் குறைவு. சிலவற்றில் கூடுதல், அதாவது அதே வேலைக்கு அதிக உழைப்பு.

குடிதான் கெடுத்ததா, முன்பே அப்படியா? பெங்களூரு நிமான்ஸில் விவேக் பெனகல் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் முக்கியம். குடிநோயாளிகளின் மகன்கள், மதுவைத் தொடாதவர்கள். அவர்களுக்கே முன்மூளை உட்படச் சில இடங்களில் சாம்பல்நிறப் பொருள் குறைவு. அடங்காத துறுதுறுப்பு கூடக்கூட அது இன்னும் குறைவு. மொத்தப் பழியையும் பாட்டில்மேல் போட முடியாது.

மாமா பையன்களை நினைத்தபடிதான் இதைப் படித்தேன். சராசரிக் கணக்குதான், தலையெழுத்து இல்லை.

மாமா இப்பவும் அறந்தாங்கி பஸ்ஸுக்கு, கடை கண்ணில் படாத பக்கமாப் போய்த்தான் நிற்பார்.