அரைகுறை ஃபார்முலா

2002-ஆம் வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. நீங்கள் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது. எதிரி அந்தச் சுவருக்குப் பின்னால்தான். துப்பாக்கியைத் தூக்குகிறீர்கள்...

டப்பென்று திரை இருட்டு. ஒரு விநாடி மயான அமைதி. அப்புறம் 'பீப்' என்று ஒரு சத்தம். ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி கம்ப்யூட்டர் முதலிலிருந்து பூட் ஆகிறது.

மறுநாள் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே இருப்பவர் ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. "வைரஸ் சார். ஃபார்மட் அடிச்சுடலாம்." அடித்தார். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். ஃபேனில் ஊதித் தூசு தட்டினார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பழைய குருடி, கதவைத் திறடி!

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அடுத்த வருடம், 2003 ஆகஸ்டில், பிளாஸ்டர் என்றொரு புழு நிஜமாகவே உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை 60 விநாடி கவுன்ட் டவுன் காட்டி ரீஸ்டார்ட் செய்தது. போதாக்குறைக்கு விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு ஏற்பாடு. பெரிய கோளாறு என்றால் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். நீலத் திரையில் வருகிற எர்ரர் செய்தியைப் படிக்கக்கூட அவகாசம் கிடைக்காது. எனவே பழி முழுக்க சாஃப்ட்வேர் மீதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வேர்டில் லெட்டர் அடித்தால் நாள் முழுக்க ஓடுகிறது. கேம் போட்டால் பத்து நிமிஷத்தில் படுத்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தில்தான் துப்பு இருந்தது.

அன்றைய அத்லான் எக்ஸ்பி போன்ற பிராசஸர் கேட்ட மின்னழுத்தம் வெறும் ஒன்றே முக்கால் வோல்ட். ஆனால் இழுத்த கரண்ட், முழு வேகத்தில் 40 ஆம்பியர் வரை! (நம் வீட்டு ஏ.சி. இழுப்பதே ஏழெட்டு ஆம்பியர்தான். அது 230 வோல்ட்டில் என்பது வேறு விஷயம்.) எஸ்.எம்.பி.எஸ். டப்பா தருகிற கரண்டை மதர்போர்டிலுள்ள சர்க்யூட் துண்டு துண்டாக வெட்டி அந்த அளவுக்கு இறக்கும். வெட்டுப்பட்டு வருவதைச் சீராக்கித் தருவது பிராசஸரைச் சுற்றிக் காவலுக்கு நிற்கிற சின்னச் சின்ன உருளைகள். கெபாசிட்டர்கள். ஃபேன் ஓடவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் 'கண்டென்சர் போயிடுச்சு' என்பாரே, அதே ஜாதிதான்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரும். தொட்டி முக்கால்வாசி அடைத்துக்கொண்டால்? ஒரு குழாய் திறந்தால் சமாளிக்கும். நாலு குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். வேர்ட் என்பது ஒரு குழாய். கேம் என்பது அத்தனை குழாயும். பிராசஸருக்கு மின்னழுத்தம் தடுமாறியது. கம்ப்யூட்டர் மூர்ச்சை போட்டு எழுந்தது. அவ்வளவுதான்.

கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் அதிர்ந்து போனார்கள். தட்டையாக இருக்கவேண்டிய உருளைகளின் தலை, சூட்டில் உப்பின பூரி மாதிரி வீங்கியிருந்தது. சிலவற்றின் மண்டை பிளந்து பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. பல வருஷம் உழைக்கவேண்டிய சாமான், ஒன்றிரண்டு வருஷத்திலேயே காலி.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் ஆபீஸ்காரர்கள் இல்லை. கேம் பிரியர்கள்தான். தைவானின் அபிட் நிறுவனத்தின் மதர்போர்டு என்றால் அவர்களுக்கு உயிர். பிராசஸரை அதன் சக்திக்கு மேலே விரட்டி ஓட்ட வாகாக இருக்கும். அந்த போர்டுகளிலேயே உருளைகள் வெடிக்கத் தொடங்கின. மற்ற கம்பெனிகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தபோது, ஆமாம் எங்களுக்குப் பிரச்னை இருக்கிறது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்ட முதல் பெரிய மதர்போர்டு நிறுவனமும் அபிட்தான். அந்த நேர்மைக்காக ஒரு சபாஷ் போடலாம்.

சரி, ஒரே சமயத்தில் உலகம் முழுக்க ஏன் வீங்கியது?

இங்கேதான் கதை துப்பறியும் நாவலாகிறது. 2002-ன் கடைசியில் மின்னணு உதிரிபாகத் தொழிலுக்கான ஒரு பத்திரிகையும், 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஐ.ஈ.ஈ.ஈ. ஸ்பெக்ட்ரம் இதழும் எழுதிய கதை இது. ஜப்பானின் ரூபிகான் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி, அங்கிருந்து விலகி ஒரு சீன நிறுவனத்துக்குப் போகிறார். கெபாசிட்டருக்குள் ஊற்றும் 'எலக்ட்ரோலைட்' திரவத்தை அங்கேயும் தயாரிக்கிறார். அவரிடம் வேலை பார்த்த சிலர் அந்த ஃபார்முலாவைச் சுருட்டிக்கொண்டு தைவானுக்குப் பறக்கிறார்கள். அங்கே மலிவு விலையில் அமோக உற்பத்தி. மதர்போர்டு கம்பெனிகள் போட்டி போட்டு வாங்குகின்றன.

ஒரே ஒரு சிக்கல். சுருட்டியது முழு ஃபார்முலா இல்லை!

கெபாசிட்டருக்குள் இருப்பது இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம். எல்லாவற்றையும் பாய் மாதிரி சுருட்டி உருளைக்குள் அடைத்திருப்பார்கள். திரவத்தில் தண்ணீர் அதிகமானால் மின்தடை குறையும். விலையும் மலிவு. ஆனால் தண்ணீரும் அலுமினியமும் ஜென்ம விரோதிகள். சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதைத் தடுக்க ஜப்பான்காரர்கள் சில ரசாயனங்களைப் பக்குவமாகக் கலந்தார்கள். திருட்டு ஃபார்முலாவில் விட்டுப்போனது அந்தக் கடைசி வரிகள்தானாம். நம் ஊர் ஊறுகாயில் உப்பை மறந்த மாதிரி. போட்ட அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். நாள் போகப் போக வாயு சேர்ந்து சேர்ந்து... உருளையின் தலையில் கத்தியால் கீறினது மாதிரி ஒரு குறி இருக்குமே, அது அழகுக்கு இல்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த வழியாகப் பிளக்கட்டும் என்றுதான்.

கதை பிரமாதம். ஆனால் இந்தத் திருட்டு எந்தக் கோர்ட்டிலும் நிரூபணமானதாகத் தெரியவில்லை. எனக்கும் இதை அப்படியே விழுங்கத் தயக்கம் உண்டு. காரணம், அடுத்து வருகிற கேஸ். அதில் அடிபட்ட கெபாசிட்டர்கள் தைவானுடையவை அல்ல. பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனமான நிச்சிகானுடையவை. திருடன் ஒருவன் இருந்தானோ இல்லையோ, எல்லாப் பழியையும் அவன் தலையில் கட்ட முடியாது.

அந்த கேஸின் நாயகன் டெல். ஆப்டிபிளெக்ஸ் என்ற பெயரில் ஆபீஸ்களுக்கும் கல்லூரிகளுக்கும் லட்சக்கணக்கில் விற்றுத் தள்ளிய கம்ப்யூட்டர்கள். 2003 மேயிலிருந்து 2005 ஜூலை வரை இப்படி அனுப்பியவற்றில், பழுதாகும் அபாயம் உள்ளவை 1 கோடியே 18 லட்சம். 2005-ல் இதற்காக 30 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது டெல். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஏ.ஐ.டி. என்ற இன்டர்நெட் சேவை நிறுவனம் 2007-ல் வழக்குப் போட்டது. அந்த வழக்கின் ஆவணங்கள் 2010-ல் வெளியே வந்தபோது நியூயார்க் டைம்ஸ் பக்கம் பக்கமாகப் பிரித்து மேய்ந்தது.

டெல்லுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வே, இந்த கம்ப்யூட்டர்களில் மூன்று வருடத்துக்குள் 97 சதவிகிதம் வரை பிரச்னை வரலாம் என்று கணித்திருந்தது. ஆனால் விற்பனை ஆட்களுக்குப் போன உத்தரவு? வாடிக்கையாளர் கேட்காமல் நீங்களாக வாயைத் திறக்காதீர்கள். கேட்டால், உறுதியாக ஒன்றும் தெரியாது என்கிற ரீதியில் பேசுங்கள். போர்டு மோசம் என்று அர்த்தம் வருகிற எந்த வார்த்தையும் வேண்டாம் என்று ஊழியர்களுக்குள்ளேயே ஈமெயில் வேறு.

உச்சம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே கணிதத் துறையின் டெல் கம்ப்யூட்டர்கள் வரிசையாகப் படுத்தன. டெல் வந்து சோதித்துவிட்டுக் கொடுத்த விளக்கத்தைக் கேளுங்கள். கஷ்டமான கணக்குகளைப் போடச் சொல்லி மெஷின்களை நீங்கள் வாட்டி எடுத்துவிட்டீர்கள்! கணிதப் பேராசிரியர்கள் கம்ப்யூட்டரை வாங்கிப் பூஜை அறையில் வைப்பார்கள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

நம் சர்வீஸ் கடைக்காரர் 'வைரஸ்' என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. இவர்களுக்குத் தெரியும்.

அந்த வருடங்களில் உருப்படியாக வேலை செய்தவர்கள் யார் என்று கேட்டால், சால்டரிங் அயர்ன் பிடித்த சாதாரண ஆட்கள் என்பேன். வீங்கின உருளைகளைச் சூடு காட்டிப் பிடுங்கி, பிளஸ் மைனஸ் மாறாமல் நல்ல உருளைகளை வைத்துப் பற்றவைத்தால், குப்பைக்குப் போகவிருந்த போர்டு எழுந்து உட்கார்ந்தது. புது மதர்போர்டு ஆயிரக்கணக்கில். உருளைகள் கைச்செலவுக் காசில். இப்படிப் பிழைத்த கம்ப்யூட்டர்கள் எத்தனையோ.

தொழிலும் திருந்தியது. 2007 வாக்கில் திரவமே இல்லாத, உலோகத் தொப்பி போட்ட மாதிரியான 'சாலிட்' கெபாசிட்டர்களை மதர்போர்டு கம்பெனிகள் பெருமையோடு விளம்பரம் செய்தன. ஊற்றுவதற்குத் திரவம் இருந்தால்தானே வாயு வரும்? நேர்மையாக ஒப்புக்கொண்ட அபிட் அதைப் பார்த்து ரொம்ப நாள் இருக்கவில்லை. 2008-ன் முடிவோடு மதர்போர்டு தொழிலுக்கே முழுக்குப் போட்டது.

இன்றைக்கும் கேமிங் கம்ப்யூட்டருக்கு எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் போனால் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'ஜப்பானிய கெபாசிட்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த இரண்டு வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய வக்கீல் நிறுவனம் இருக்கிறதே, அதன் அலுவலகத்திலும் இதே சந்தேகத்துக்குரிய டெல் கம்ப்யூட்டர்கள் ஆயிரம் இருந்தன. சரிசெய்து தரச் சொல்லி அவர்கள் கேட்டார்கள். டெல் தயங்கியதாம்.