கிழங்கின் வழியும் நீரின் வழியும்: கொல்லிமலை நீர்ப்பிடிப்பில் அரசுக் கூட்டுமுயற்சிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆற்றுநீரின் தரத்தைக் காக்க நீர்ப்பிடிப்புப் பகுதியையே அலகாகக் கொள்ள வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கொல்லிமலையின் அண்மைக்கால வரலாறு இக்கருத்துக்கு ஒரு திருத்தத்தை வேண்டுகிறது. மலைச்சரிவில் விளையும் மரவள்ளிக் கிழங்கு, மண்ணரிப்பைத் தன் நீர்ப்பிடிப்புக்குள் நிகழ்த்துகிறது. அதிலிருந்து எழும் ஆலைக்கழிவைப் பிற ஆறுகளின் நீர்ப்பிடிப்புகளிலும் சேர்க்கிறது. 1943 முதல் 2018 வரையிலான காலத்தில் அரசு உருவாக்கிய கூட்டுமுயற்சிகள் இவ்விரு முனைகளையும் தனித்தனியே நோக்கின என்பதையும், அவற்றை இணைக்கும் கண்ணி விடுபட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, நீர்ப்பிடிப்பு, மரவள்ளி, ஜவ்வரிசி ஆலை, திருமணிமுத்தாறு, வசிட்டநதி, சிறுதானியம்.

முன்னுரை

வல்வில் ஓரியின் நாடாகச் சங்க இலக்கியம் அறிமுகப்படுத்தும் கொல்லிமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. நாமக்கல், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கிடையே சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இது அமைந்துள்ளது. நிருவாக அளவில் 1997 ஜனவரி 1 வரை இம்மலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானபோது அதனுடன் இணைந்தது. வாழவந்திநாடு, அரியூர்நாடு, சேளூர்நாடு, குண்டூர்நாடு என ஊராட்சிகளின் பெயரிலேயே ‘நாடு’ என்னும் பழைய அமைப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. மலையாளிப் பழங்குடியினரே இங்கு வாழும் மக்களுள் மிகப் பெரும்பான்மையினர்.

இம்மலையில் பிறக்கும் நீர் மூன்று திசைகளில் பிரிகிறது. அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, ஆகாயகங்கை அருவியாக வீழும் ஐயாறு, துறையூர்ப் பகுதியைக் கடந்து காவிரியை அடைகிறது. கரைபோட்டான் ஆறு நாமக்கல் மாவட்டத்தின் வழியே அதே காவிரியில் கலக்கிறது. சுவேதநதி தம்மம்பட்டி வழியாகச் சென்று வசிட்டநதியுடன் கூடி வெள்ளாறாகிறது. ஆகவே காவிரி, வெள்ளாறு ஆகிய இரு வடிநிலங்களுக்கும் கொல்லிமலை தாய்நிலம். மலையின் மண்ணும் பயிரும் மாறும்போது கீழே ஆற்றின் தரம் மாறுவது இயல்பு. ஆயினும் அம்மாற்றம் நீர் செல்லும் வழியிலேயே செல்வதில்லை என்பதே இங்கு விளக்கப்பட வேண்டியது.

மரவள்ளியின் வருகையும் ஜவ்வரிசித் தொழிலும்

மரவள்ளி தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் (1880–1885) காலத்தில் அது உணவுப் பயிராக ஊக்குவிக்கப்பட்டது. சேலம் வட்டாரத்தில் அது ஆலைப் பயிராக உருமாறியதற்கு இரண்டாம் உலகப்போர் காரணமாயிற்று. மலேயா, சிங்கப்பூர், இந்தோனேசியத் தீவுகள் ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றன. அந்த வெற்றிடத்தில், 1943-ஆம் ஆண்டளவில், சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் போன்ற வணிகர்கள் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினர். குடிசைத் தொழிலாகத் தொடங்கியது சில பத்தாண்டுகளில் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் முதன்மைத் தொழில்களுள் ஒன்றாயிற்று. 1981-இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் சேலத்தில் நிறுவப்பட்டது.

ஆலையின் கிழங்குத் தேவை சமவெளியோடு நிற்கவில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் மேலேறும் மலைச்சாலை, சந்தையை மலையின் வாசலுக்கே கொண்டுவந்தது. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றை அவரை, கடுகு முதலியவற்றோடு கலந்து விதைத்து வந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. சிறுதானியப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது.

இம்மாற்றத்தை உழவரின் அறியாமை என்று கொள்வது பிழையாகும். சாமையைக் குற்றி, புடைத்து அரிசியாக்கும் உழைப்பு முழுவதும் பெண்கள்மீது விழுந்தது. அவ்வரிசிக்கு நிலையான சந்தையும் இல்லை. நியாயவிலைக் கடையில் நெல்லரிசி எளிதாகக் கிடைத்தபோது சாமையைப் பயிரிட வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் பணம் தேவைப்பட்ட குடும்பங்களுக்கு மரவள்ளி கையில் காசு தந்தது. மலை உழவர் தமக்கு முன் இருந்த வாய்ப்புகளுள் அறிவுக்கு உகந்ததையே தேர்ந்தனர். அத்தேர்வின் சுமை மண்ணின்மீதும் ஆற்றின்மீதும் விழுந்தது.

இருமுனை விளைவுகள்

மரவள்ளி அகன்ற இடைவெளியில் நடப்படும் பயிர். நட்ட முதல் சில மாதங்கள் நிலத்தின் பெரும்பகுதி இலைமூடாக்கின்றிக் கிடக்கும். அறுவடையின்போது கிழங்கைப் பிடுங்குவதால் மேல்மண் தளர்கிறது. சமவெளியில் இவை பெருந்தீங்கு செய்வதில்லை. செங்குத்தான சரிவில் அடைமழை பெய்யும்போது மண் ஓடைக்கு இறங்குகிறது. பலபயிர்க் கலப்பு நிலத்தை நெடுநாள் மூடிவைத்திருந்தது. தனிப்பயிர் அப்பாதுகாப்பை நீக்கியது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையின் உச்சிகளில் பாக்சைட் வெட்டப்பட்டதும் மேல்மண்ணைக் குலைத்த மற்றொரு காரணியாகும்.

மறுமுனை சமவெளியின் ஆலை. கிழங்கைக் கழுவித் தோலுரித்து, அரைத்து, சலித்து, பாலைத் தொட்டிகளில் தேக்கி மாவைப் படியவைப்பது ஜவ்வரிசித் தயாரிப்பின் முறை. ஒவ்வொரு நிலையிலும் நீர் மிகுதியாகத் தேவை. மாவு படிந்தபின் மேலே நிற்கும் நீர் அமிலத்தன்மை கொண்டது, கரிமப்பொருள் செறிந்தது, கிழங்கில் இயல்பாக உள்ள லினமரின் சிதைந்து உருவாகும் சயனைடும் அதில் உண்டு. சலிப்பில் எஞ்சும் திப்பி கால்நடைத் தீவனமாக விலைபோனது. கழிவுநீருக்கு அத்தகைய மதிப்பு ஏதும் தொடக்கத்தில் இல்லாததால் அது ஓடைக்கும் ஏரிக்கும் சென்றது.

இவ்விடத்தில் நீர்ப்பிடிப்பு என்னும் கருத்தாக்கத்தின் எல்லை தெளிவாகிறது. கொல்லிமலையில் அரிக்கப்பட்ட மண் ஐயாற்றின் வழியே இறங்குகிறது. அதே நிலத்தில் விளைந்த கிழங்கோ சுமையுந்தில் ஏறி, சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாற்றின் கரையிலும் ஆத்தூர்ப் பகுதியின் வசிட்டநதிக் கரையிலும் உள்ள ஆலைகளுக்குச் செல்லக்கூடும். நீரின் வழியை நிலவியல் வகுக்கிறது; கிழங்கின் வழியை விலை வகுக்கிறது. எனவே ஒரே வயல் இரண்டு ஆறுகளைப் பாதிக்கிறது.

சமவெளியில் அரசின் கருவிகள்

நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974-இல் நிறைவேறியது. தமிழகத்தில் அதற்கான வாரியம் 1982 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. ஆலைத்தொழில் வேரூன்றி ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்தே கண்காணிப்பு அமைப்பு வந்தது என்பது கருதத்தக்கது. 1989-இல் தமிழக அரசு வெளியிட்ட ஆணை, குறிப்பிட்ட ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு விளைக்கும் தொழில்கள் புதிதாக அமைவதைத் தடை செய்தது. 1998-இல் அத்தொலைவு 5 கிலோமீட்டராக விரிந்தது. இவை ஆலையின் இடத்தை வரையறுத்தன. அதற்குள் வரும் மூலப்பொருளை நோக்கவில்லை.

நடுவண் அரசும் மாநில அரசும் செலவைப் பகிரும் கூட்டுமுயற்சி தேசிய ஆற்றுப் பாதுகாப்புத் திட்டத்தின்வழி வந்தது. 1985-இல் அறிவிக்கப்பட்ட கங்கைச் செயல்திட்டத்தின் தொடர்ச்சியாக 1995-இல் உருவான இத்திட்டத்தில் காவிரி இடம்பெற்றது. பவானி, ஈரோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்சிராப்பள்ளி ஆகிய கரையோர நகரங்களின் கழிவுநீர் இதன் முதற்கவனமாயிற்று. நகரச் சாக்கடையை மையமாகக் கொண்ட இத்திட்டம், சிற்றாறுகளையும் சிற்றூர்களில் சிதறிக்கிடந்த ஆலைகளையும் எட்டும் வகையில் வகுக்கப்படவில்லை.

இதன் விளைவை 2018-ஆம் ஆண்டு ஆவணம் காட்டுகிறது. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழகத்தின் ஆறு பகுதிகளுள் காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிட்டநதி ஆகிய நான்கு முதல் முன்னுரிமை வகுப்பில் இடம்பெற்றன. அவ்வகுப்பின் அளவுகோல், உயிர்வேதி ஆக்சிசன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமை மீறுவது. குளிப்பதற்கு உகந்த நீரின் வரம்பு 3 மில்லிகிராம். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கான பொது வரம்போ 30 மில்லிகிராம். அதாவது, சுத்திகரித்து வெளியேற்ற வேண்டிய கழிவுநீரைக் காட்டிலும் மோசமான நீர் ஆற்றிலேயே ஓடியது. சேலம் நகரச் சாக்கடையும் சாயத்தொழிலும் இம்மாசில் பெரும்பங்கு வகிப்பதால், பழி முழுவதையும் ஜவ்வரிசி ஆலைமீது சுமத்த இயலாது. வசிட்டநதிப் பகுதியில் அவ்வாலைகளின் பங்கைப் புறக்கணிக்கவும் இயலாது.

2018 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இப்பட்டியலைத் தாமாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாநிலமும் ஆற்றுப் புத்துயிர்ப்புக் குழுவை அமைக்குமாறு ஆணையிட்டது. சுற்றுச்சூழல், நகர்ப்புற வளர்ச்சி, தொழில் ஆகிய துறைகளின் இயக்குநர்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பினர் செயலரும் அதன் உறுப்பினர்கள். பல துறைகள் ஒரே மேசையில் அமர்ந்தது பெரும் முன்னேற்றமே. எனினும் வேளாண்மை, வனம், பழங்குடியினர் நலம் ஆகிய துறைகளுக்கு அம்மேசையில் இருக்கை இல்லை.

மலையில் அரசின் கருவிகள்

மலைப்பகுதிக்குரிய கூட்டுமுயற்சிகள் வேறொரு மரபில் வளர்ந்தன. அனுமந்தராவ் குழுவின் பரிந்துரையை ஒட்டி உருவான நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு நெறிமுறைகள் 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. சுமார் 500 எக்டேர் பரப்பை ஓர் அலகாகக் கொண்டு, அரசு, தொண்டு நிறுவனம், ஊர்மக்கள் குழு ஆகிய மூன்றும் இணைந்து செயல்பட அவை வழிவகுத்தன. 1997-இல் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடுவளர்ப்புத் திட்டம், காட்டை ஒட்டிய ஊர்களில் கிராம வனக்குழுக்களை அமைத்துத் தடுப்பணைகளையும் கசிவுநீர்க் குட்டைகளையும் கட்டியது.

கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் மேற்கொண்ட பணி இவற்றிலிருந்து சற்று வேறானது. சமுதாய விதை வங்கிகள், ஊர்தோறும் சிறுதானிய அரைவை எந்திரங்கள், மகளிர் குழுக்கள் வழியான மதிப்புக்கூட்டல் என அதன் பணி அமைந்தது. பயிர்ப் பன்மையைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் சாமை விதைத்த சரிவு மண்ணைப் பிடித்துவைக்கிறது. அச்சரிவிலிருந்து ஆலைக்குக் கிழங்கு செல்வதில்லை. ஆகவே பெண்களின் உழைப்பைக் குறைத்த ஓர் அரைவை எந்திரம் மறைமுகமாக நீர்த்தரக் கருவியாகவும் செயல்பட்டது. ஆற்றுப் பாதுகாப்புக்கான எந்தத் திட்டக் கணக்கிலும் இந்நன்மை வரவு வைக்கப்படவில்லை.

ஒப்பீட்டு நோக்கு

மேல்நிலத்தையும் கீழ்நிலத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் இணைத்த முயற்சிகள் உண்டு. 1958-இல் உருவாக்கப்பட்ட சண்டிகரின் சுக்னா ஏரி விரைவாகத் தூர்ந்தபோது, 1970-களில் பி. ஆர். மிஸ்ரா வண்டலின் மூலத்தைத் தேடிச் சிவாலிக் குன்றடியில் உள்ள சுகோமாஜ்ரி என்னும் ஊரை அடைந்தார். அங்குச் சிற்றணை கட்டி, அந்நீரில் ஊரின் எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கு அளிக்கப்பட்டதால் மக்களே சரிவில் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தினர். ஏரிக்கு வந்த வண்டலும் குறைந்தது. நியூயார்க் மாநகரம் 1997-இல் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு உடன்படிக்கை செய்து, பெருஞ்செலவிலான வடிகட்டி நிலையத்துக்கு மாற்றாக மேல்நிலத்து வேளாண்மைச் சீர்திருத்தத்துக்கும் நிலப் பாதுகாப்புக்கும் பணம் அளித்தது. இரண்டிலும் கீழ்நிலத்தின் நன்மைக்காக மேல்நிலம் செய்யும் பணிக்கு ஈடு தரப்பட்டது.

கொல்லிமலை இவற்றிலிருந்து வேறுபடுவது ஒரு கூறில். அங்கெல்லாம் மலையையும் பயனாளரையும் இணைத்தது ஒரே நீர்வழி. இங்கு இணைப்பது ஒரு பண்டம். ஆதலால் ஈடு தரவேண்டியவர் கீழ்நில நீர்ப்பயனாளர் மட்டுமல்லர். ஆலைத்தொழிலும் அதை நெறிப்படுத்தும் அரசும் அக்கடப்பாட்டில் பங்குடையவை.

முடிவுரை

முக்கால் நூற்றாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கூட்டுமுயற்சிகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. சமவெளியில் மாசையும் மலையில் மண்ணையும் அவை வெவ்வேறு துறைகளின் கீழ் நோக்கின. இரண்டாவதாக, ஆலையில் கழிவுநீரைச் சுத்திகரிப்பது தவிர்க்க முடியாதது. சேலம், நாமக்கல் பகுதியில் பல ஆலைகள் கழிவிலிருந்து உயிர்வாயு பெற்று எரிபொருள் செலவைக் குறைத்துள்ளமை, மாசுத் தடுப்பும் வருவாயும் முரண்பட வேண்டியதில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் சுத்திகரிப்பு ஒரு முனையை மட்டுமே சரிசெய்யும். சரிவிலிருந்து இறங்கும் மண்ணை அது தடுக்காது. மூன்றாவதாக, மலை உழவருக்கு மரவள்ளிக்கு நிகரான வருவாயை உறுதிசெய்யாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் அவர்தம் வறுமையின்மீது கட்டப்பட்டதாகவே அமையும்.

2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகள்வழி அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கப்பட்டது. நெல்லரிசியை மலைக்கு ஏற்றிச் சாமையைப் பின்தள்ளிய அதே விநியோக அமைப்பு, சாமையைக் கொள்முதல் செய்து அதற்குச் சந்தையாகவும் மாற இயலும் என்பதற்கு இது சான்று. அத்தகைய கொள்முதல் கொல்லிமலைக்கு விரிவுபடுத்தப்பட்டு, ஆற்றுப் புத்துயிர்ப்புத் திட்டத்தின் ஒரு கூறாகவே கணக்கிடப்படுமாயின், வேளாண்மைத் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் நீர்த்தரக் காப்பில் நேரடிப் பங்காளிகளாகும். திருமணிமுத்தாற்றையும் வசிட்டநதியையும் மீட்கும் பணியின் ஒரு பகுதி, அவ்வாறுகளைக் காணாத கொல்லிமலைச் சரிவுகளில் நடைபெற வேண்டியிருக்கிறது.