குறளனின் காதலும் நம் சிரிப்பும்

விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் உயரம் குறைந்த ஒரு அக்காவை இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். உடனே சிரிப்பு. "இதுக்கெல்லாம் கல்யாணம் ஒரு கேடா?" என்றார் ஒருவர். சிரித்தவர்களில் நம் தெருக்காரர்களும் இருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இந்தச் சிரிப்பு பழையது. மதுரை அரண்மனையில் பாண்டிமாதேவியைச் சூழ்ந்து நின்ற ஏவலாளர்களில் கூனரும் குறளரும் உண்டு என்கிறது சிலப்பதிகாரம். குட்டையானவரைக் குறளர் என்பது பழைய வழக்கு. கலித்தொகையின் 94ஆம் பாட்டு அப்படிப்பட்ட இருவரின் காதல்தான். அரண்மனை வேலைக்காரர்களான ஒரு குறளனும் ஒரு கூனியும் சந்திக்கிறார்கள். முதலில் ஒருவர் உடம்பை ஒருவர் ஏசுகிறார்கள், பிறகு இணங்குகிறார்கள். கடைசியில், அரண்மனைக்குள் இருப்பவர்கள் கண்டால் சிரிப்பார்கள், சோலைப் பக்கம் போய்விடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

நகைச்சுவைப் பாட்டு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. நாம் கொஞ்சம் நிற்போம். அடியோர், ஏவல் செய்வோர் காதலைத் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைக்கிறது. தலைவனும் தலைவியும் பிரிந்தால் பாலைத்திணை, வேலைக்காரர்கள் சேர்ந்தால் வேடிக்கை! உடம்பு ஒரு சாக்கு. உழைக்கிறவனுக்குக் காதல் எதற்கு என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. நமக்குப் பழக்கமில்லாத கேள்வியா இது?

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது. அந்தப் பட்டியலில் குள்ளத்தன்மை என்ற பெயரே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சேர்த்தது: வளர்ந்தவரின் உயரம் 4 அடி 10 அங்குலம் அல்லது அதற்குக் கீழ். அதன் 92ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நாம் பார்த்த அதே வாசகம், அதே தண்டனை.

சரி, "பிள்ளையும் அப்படியே பிறந்துட்டா?" என்று கேட்பார்கள். குள்ளத்தன்மைக்குப் பெரும்பாலும் காரணமாகும் அகான்ட்ரோபிளாசியா உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். மரபணுவில் புதிதாக நேரும் மாற்றம் அது. அக்காவைக் காட்டித் தங்கைக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிவிடுவதில் எந்த நியாயமும் இல்லை. தாய், தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இடுப்பெலும்பு குறுகலாக இருப்பதால் இந்தப் பெண்களுக்கு சிசேரியன்தான். அதற்கு முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரி ஏற்பாடு வேண்டும். வயது ஏற ஏற முதுகுத்தண்டு நரம்பு நசுங்கிக் கால் மரத்துப்போகலாம். சரிவில் மூட்டை தூக்குகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

அந்த அக்காவுக்குக் கல்யாணமாகி மகன் பள்ளிக்கூடம் போகிறான் என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. ஜீப்பின் பின்பக்கம் தாழ்வாக ஒரு படி வைத்துத் தரும்படி கேட்டிருக்கிறார். இன்னும் வைக்கவில்லை.