காற்றை ஏவல் கொண்டோர்

ஆனைக்குட்டம் நீர்த்தேக்கக் கரையிலே, பனையோலைத் துண்டைக் கருவேல முள்ளிற் கோத்தபடி ஒரு சிறுவன் ஓடுவதாகக் கொள்வோம். ஓலை சுழல்கிறது, உள்ளம் துள்ளுகிறது. “ஏன் சுற்றுகிறது?” என்று கேட்கிறான். “வாயு பகவானின் மூச்சடா, சும்மா இரு!” என்கிறார் பெரியவர். முளைத்த கேள்வி அங்கேயே கருகுகிறது!

நம் முன்னோர் இவ்விதமா இருந்தனர்? கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல் கொண்டு கடலிலே கலம் செலுத்தியதைப் புறநானூற்றிலே பாடினார் வெண்ணிக் குயத்தியார். காற்றை வணங்கியதை அல்ல, வேலை வாங்கியதை!

அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 1887-இல், ஸ்காட்லாந்தின் மேரிகிர்க் சிற்றூரில், பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் துணிப்பாய் கட்டிய காற்றாலையால் மின்சாரம் ஆக்கித் தம் இல்லத்தில் விளக்கேற்றினார். மிஞ்சியதைத் தெருவிளக்குக்குத் தருவதாகவும் சொன்னார். ஊரார் மறுத்தனர்; அது சாத்தானின் வேலையாம்! ஒளி வாயிலில் வந்து நின்றது. மடமை கதவைச் சாத்திற்று!

டென்மார்க்கிலோ வேறு காட்சி. ஆஸ்கோவ் எனும் ஊரிலே, நாட்டுப்புற இளைஞர் பயிலும் பள்ளியில் ஆசிரியராயிருந்த பௌல் லா கூர், 1891-இல் ஆய்வுக்கெனக் காற்றாலை எழுப்பினார். பின்னர்ச் சிறு மாதிரிகள் செய்து, குழாய்வழிக் காற்றைச் செலுத்தி அளந்தார். பல இறகோடு மெல்லச் சுழல்வதினும், சில இறகோடு விரைந்து சுழல்வதே மின்சாரத்துக்கு ஏற்றதெனக் கண்டார். 1904 முதல் சிற்றூர் இளைஞர்க்கு மின்தொழிலும் பயிற்றுவித்தார். மாதிரி என்பது வெறும் விளையாட்டன்று, தோழர்களே; ஆராய்ச்சியின் அரிச்சுவடி!

1986-ஐ எண்ணிப் பார்ப்போம். அவ்வாண்டு தூத்துக்குடியில் காற்றாலைகள் எழுந்தன. அதே ஆண்டு, தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்கூடங்களில் குழந்தைகளை அமர்த்தலாகாதெனச் சட்டமும் பிறந்தது. பிற்காலத்தில் முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மின்சாரமாயிற்று. சிவகாசி வட்டாரத்துப் பிஞ்சுக் கைகளிலிருந்து வெடிமருந்தை விலக்க முனைந்தது சட்டம். விலக்கிய கையிலே எதை வைப்பது? சட்டம் அதைச் சொல்லாது; நாம்தான் சொல்லவேண்டும்.

பழைய அட்டை, மூங்கில் குச்சி, உடைந்த பொம்மையின் மோட்டார், ஒரு சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்கு, இவை போதும். அட்டை இறகு காற்றுக்கு நேரே தட்டையாய் நின்றால் சுழலாது. சற்றுச் சாய்த்தால், மோதும் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். முதல் முயற்சியில் விளக்கு எரியாமற் போகலாம். போகட்டும்! சாய்வை மாற்றட்டும், இறகைக் குறைக்கட்டும், ஆடிக்காற்று வீசும் மேட்டிலே ஏற்றிப் பார்க்கட்டும். காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதை அவன் மனப்பாடம் செய்யவேண்டாம், கண்ணாலே காண்பான்.

விளக்கு மின்னும் அந்த நொடியில், “ஏன் சுற்றுகிறது?” என்று அவனை நாம் கேட்போம். விடையை அவனே சொல்லட்டும்!